மனித இனம் நிலைக்குமா? பரிணாமத்தை வைத்துப் பேசுவோர் செய்யும் தவறுகள்

மனித இனத்தின் எதிர்காலத்தைப் பரிணாமத்தோடு சேர்த்து எழுத வருகிறவர்களிடம் அதே பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'குரங்கு ஒருநாள் மனிதனானது' போன்ற பள்ளிக்கூடப் பிழைகளை விட்டுவிடலாம், யாராவது திருத்திவிடுவார்கள். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

"இனம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்"

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். படித்தவர்கள் எழுதும்போது எரிச்சல் இன்னும் கூடுகிறது. விலங்குகள் தம் கூட்டத்தின் நன்மைக்காக இனப்பெருக்கத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன என்று விலங்கியலாளர் வின்-எட்வர்ட்ஸ் 1962இல் வாதிட்டார். நான்கே ஆண்டுகளில், 1966இல், பரிணாம உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸ் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார். இன்றும் அந்த வாதம் புதுச்சட்டை மாட்டிக்கொண்டு வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே கூட்டத்தில் ஒரு வகை அடக்கமாக இரண்டு குட்டிகளை வளர்க்கிறது, இன்னொரு வகை ஐந்து குட்டிகளை வளர்க்கிறது. இந்தக் குணம் மரபுவழி வருமானால் இரண்டுக்கும் இடையிலான விகிதம் தலைமுறைக்கு இரண்டரை மடங்கு விரியும். பத்துத் தலைமுறையில் அது 9,500 மடங்கைத் தாண்டும். அடக்கமானதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இயற்கைத் தேர்வு (அதிகம் பெருகுவதன் குணம் பரவுவது) நடக்கவே நடக்காது என்பதல்ல. பெரும்பாலும் அது உள்ளே நடக்கும் இந்தப் போட்டியை வெல்லும் அளவுக்கு வலுவாக இருப்பதில்லை.

சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைப் புதிதாகப் பிடிக்கும் ஆண், முந்தைய ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடுவது வழக்கம். பால் கொடுக்கும் பெண் சிங்கம் சினைக்கு வராது; குட்டி செத்தால் விரைவில் வரும். இனத்துக்கு நட்டம், அந்த ஆணுக்கு லாபம். தேர்வு லாபத்தின் பக்கம்தான் நிற்கிறது.

அலாஸ்காவுக்கு மேற்கே பேரிங் கடலில் உள்ள செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை 29 ரெயின்டீர் மான்களை இறக்கிவிட்டது. அவற்றை வேட்டையாட ஓநாய் இல்லை, தரையெங்கும் அவை தின்னும் லைக்கன் (பாசி போலப் படரும் உயிரி). 1963இல் எண்ணிக்கை சுமார் 6,000. லைக்கன் மிக மெதுவாக வளர்வது. மேய்ந்த இடம் மீளவில்லை. அடுத்து வந்த பனிக்காலம் கடுமையாக இருந்தது. 1966இல் எண்ணியபோது மிஞ்சியவை 42. அதில் ஆண் ஒன்றே ஒன்று, அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980களில் தீவில் ஒரு மானும் இல்லை.

அந்த மான்களிடம் குறையொன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்றாகத் தின்று நன்றாக ஈன்றவைதான் கடைசி வரை பெருகின. நாளைக்குக் கிடைக்கப்போகும் பலனை வைத்து இன்றைக்குத் தேர்வு நடக்காது. ஆகவே 'பரிணாமம் நமக்கு ஒத்துழைப்பைக் கற்றுக்கொடுத்திருக்கிறது, சமாளித்துவிடுவோம்' என்று எழுதுமுன், அந்த ஒத்துழைப்பின் பலன் யாருக்கு, எந்தத் தலைமுறையில் என்று கேளுங்கள். பிறக்காத பேரனுக்காக விட்டுக்கொடுப்பதைச் சட்டமும் ஒப்பந்தமும் செய்யலாம். இயற்கைத் தேர்வு செய்யாது.

"மூன்று லட்சம் ஆண்டு தாக்குப்பிடித்துவிட்டோம்"

மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்த, நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஏறக்குறைய அவ்வளவு பழையவை, உண்மைதான். ஆனால் ஓர் இனத்தின் வயதுக்கும் அது அழியும் வாய்ப்புக்கும் தொடர்பில்லை என்று 1973இல் புதைபடிவக் கணக்குகளை வைத்து பரிணாம உயிரியலாளர் வான் வேலன் காட்டினார். நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரெக்டஸ் பதினைந்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் மறைந்தது. தவிர, அழிந்துபோன இனம் உட்கார்ந்து கணக்கெழுதாது. பழைய காலம் சொல்வதெல்லாம் எரிமலை, விண்கல் போன்ற பழைய ஆபத்துகளைப் பற்றித்தான். அணுகுண்டுக்கு 1945க்கு முன் வரலாறே கிடையாது.

"800 கோடிப் பேர் இருக்கிறோமே"

எண்ணிக்கை காப்பாற்றாது. வட அமெரிக்காவின் பயணிப் புறாவும் நூற்றுக்கணக்கான கோடிகளில் இருந்தது. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டியில் கூண்டுக்குள் செத்தது.

"உடம்பு பழகிக்கொள்ளும்"

ஒரு மரபணு வடிவம் 1% கூடுதல் பலன் தருவதாக வைத்துக்கொள்வோம். அது மக்கள்தொகையில் 1%இலிருந்து 99%க்கு ஏற ஏறத்தாழ 900 தலைமுறை ஆகும். தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் சுமார் 23,000 ஆண்டுகள். நூற்றாண்டுக்கு நமக்குக் கிடைப்பது நான்கு தலைமுறை. நல்ல சூழலில் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் ஒரு தலைமுறையை முடித்துவிடும். பலனை 10% ஆக்கினால் வேகம் பத்து மடங்காகும் என்பார்கள். ஆகும், அந்த வடிவம் இல்லாதவர்கள் அந்த அளவுக்குச் சாக வேண்டும், அல்லது பிள்ளையில்லாமல் போக வேண்டும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு எழுதுவார்கள்.

"பரிணாமம் நின்றுவிட்டது"

நிற்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் பத்துக்கணக்கான புதிய சடுதிமாற்றங்களோடு (டிஎன்ஏவில் நேரும் மாற்றங்கள்) பிறக்கிறது.

பிழைப்பது எது என்று சொல்லாமல் தொடங்குவது

நம்மோடு ஒரே காலத்தில் வாழ்ந்த இன்னொரு மனித வகையான நியாண்டர்தால்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் டிஎன்ஏவில் ஏறக்குறைய 2% அவர்களுடையது. அழிந்தார்களா, இல்லையா? உடலமைப்பையா, மரபணுவையா, மொழியும் கருவியும் அறிவும் தொடர்வதையா, எதை எண்ணுகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.