வேலை நாள் இரவுச் சாப்பாடு: தொட்டுக்கொள்வதிலிருந்து தொடங்குங்கள்

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டு மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டு மணிக்குள் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பதற்கான எளிய ஏற்பாடு இது. மதுரைப் பக்கத்தில் இரவென்றால் பெரும்பாலான வீடுகளில் டிபன்தான். புதிதாகச் சமைப்பவர்கள் இட்லியா, தோசையா என்பதிலேயே யோசனையைச் செலவிடுகிறார்கள். ஆனால் மாவு கையிலிருந்தால் தோசைக்கு இரண்டு நிமிடம் போதும். வெங்காயம் உரித்து, தக்காளி வதக்கி, ஆறவைத்து, அரைத்துத் தாளிப்பதற்குத்தான் அரை மணி நேரம் போய்விடுகிறது. ஆகவே, தொட்டுக்கொள்ள என்ன என்பதை ஞாயிற்றுக்கிழமையே முடிவு செய்துவிட வேண்டும்.

படி 1: சந்தை

தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்கோ, உங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தைக்கோ ஞாயிறு காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். ஒரு கிலோ பழுத்த தக்காளி, அரை கிலோ சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை ஆகியவை கட்டாயம் வேண்டும். வெங்காயத்தைச் சிறிது நேரம் தண்ணீரில் போட்டுவைத்தால் தோல் சுலபமாக உரியும். உரித்ததை ஈரமில்லாமல் துடைத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

படி 2: தக்காளித் தொக்கு

இந்த ஏற்பாட்டின் அச்சாணி இதுதான் என்பதால், இங்கே அவசரப்படக் கூடாது. அடிகனமான வாணலியில் 100 மில்லி நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு வெடித்ததும் பெருங்காயம், ஒரு கைப்பிடி பூண்டு ஆகியவற்றைப் போட்டு வதக்கி, பொடியாக நறுக்கிய தக்காளி, எலுமிச்சை அளவில் பாதிப் புளியின் கெட்டிக் கரைசல், மஞ்சள் தூள், உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். தண்ணீர் பாதி வற்றிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த் தூள் போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். இந்த நேரத்தில் தொக்கு 'தொப் தொப்' என்று கொதித்துக் கை மேல் தெறிக்கும். பாதி மூடிவைத்து இடையிடையே கிளறினால் போதும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடிக்கொள்ளாமல், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். நன்றாக ஆறிய பிறகே பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டி படாமல் இருந்தால் அந்த வாரம் முழுவதும் கெடாது.

படி 3: மாவு

நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரைத்த மாவை உடனே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வெளியே புளிக்க விட்டு, மறு பாதியைப் புளிக்காமலே ஃபிரிட்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே மாவு பொங்கிவிடும் என்பதால் அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது நல்லது. முதல் பாதி திங்கள், செவ்வாய்க்கு ஆகும். இரண்டாம் பாதியை வியாழன் காலையில் வெளியே எடுத்துவைத்துவிட்டுக் கிளம்பினால் மாலைக்குள் தயாராகிவிடும். மார்கழியில் மட்டும் புதன் இரவே எடுத்துவிடுங்கள். கடை மாவு வாங்குவதிலும் குறையொன்றும் இல்லை.

படி 4: வாரப் பங்கீடு

திங்களன்று இட்லி, செவ்வாயன்று தோசை, இரண்டுக்கும் தொக்கு. புதனன்று சப்பாத்தியும் கடைந்த பாசிப்பருப்பும். பாசிப்பருப்பை ஊறவைக்க வேண்டியதில்லை, குக்கரில் மூன்று விசிலில் வெந்துவிடும். வியாழனன்று இட்லியுடன், காலையில் மதியச் சாப்பாட்டுக்கு வைத்த சாம்பாரில் தனியே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்த பங்கைக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்குள் மாவு புளித்திருக்கும். வெங்காயம், பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டுப் பணியாரமாகவோ ஊத்தப்பமாகவோ ஊற்றிவிடலாம்.

தொக்கு சலித்துப்போனால் தண்ணிச் சட்னி செய்யலாம். பொரிகடலை, இரண்டு பச்சை மிளகாய், ஒரு துண்டு தேங்காய், உப்பு சேர்த்து அரைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுத் தாளித்துக்கொட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இட்லி அதில் மிதக்க வேண்டும் என்பதுதான் மதுரைக்காரர்களின் கணக்கு.

படி 5: மாலை வேலை

வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் இட்லிப் பானையில் தண்ணீரைக் காயவைத்துவிட்டு, அதன் பிறகு கை கால் கழுவப் போங்கள். தட்டை வைத்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்; அதற்குள் தண்ணீர் மொண்டு வைப்பது, தட்டுப் போடுவது ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

தோசை நாளில்தான் சிக்கல் வரும். கல்லருகே நிற்பவர் எல்லோருக்கும் சுட்டுப் போட்டுவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவது பல வீடுகளில் பழகிப்போய்விட்டது, அதுவும் பெரும்பாலும் அம்மாதான். முதல் ஆறு தோசையை ஒருவர் சுட்டால், அவரை உட்காரவைத்துவிட்டு அடுத்த ஆறை மற்றவர் சுட வேண்டும். அப்பாவுக்கு வட்டமாக வரவில்லையென்றாலும், பிள்ளைகள் தொக்கைத் தொட்டுச் சாப்பிட்டுவிடுவார்கள்.