வாயு வட்டை வைத்துக் கருந்துளையின் நிறையைக் கணக்கிடுவது எப்படி: என்ஜிசி 4258-இல் தொடங்குங்கள்

கருந்துளை என்றதும் எல்லோரும் அந்த ஆரஞ்சு வளையப் படத்தைத் தேடிப் போகிறார்கள். போகட்டும். ஆனால் ஒரு கேலக்ஸியின் நடுவில் உட்கார்ந்திருப்பதன் நிறை எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால், படத்தை ஓரமாக வைத்துவிட்டு நிறமாலையைக் கையில் எடுங்கள். பிளஸ் டூ இயற்பியல், எக்செல் போல ஏதாவது ஒன்று, ஒரு மாலை நேரம், இவ்வளவு போதும்.

எந்தக் கேலக்ஸியில் தொடங்குவது என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்த வளையப் படத்தால் பிரபலமாக இருக்கிறதே என்று எம்87 கேலக்ஸியை எடுக்காதீர்கள், அது பின்னால் வரட்டும். முதலில் என்ஜிசி 4258. மெஸ்ஸியே பட்டியலில் இதற்கு எம்106 என்று பெயர், நம்மிடமிருந்து சுமார் 2.5 கோடி ஒளியாண்டு தூரம், நடுவில் கொஞ்சம் சோம்பலாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரிய கருந்துளை. நாம் போடும் ஒவ்வொரு அனுமானத்தையும் இந்தக் கேலக்ஸியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம், அதனால்தான் இது. கருந்துளையைச் சுற்றி ஓடும் வாயு வட்டு மெல்லியது, கிட்டத்தட்ட விளிம்பு தெரியும்படி நம் பக்கம் திரும்பியிருக்கிறது, அதிலுள்ள நீராவி மேசராக ஒளிர்கிறது. மேசர் என்றால் லேசரின் நுண்ணலை அண்ணன் (வரலாற்றில் அதுதான் முதலில் வந்தது). நடுவிலிருந்து வரும் எக்ஸ் கதிர் வட்டைச் சூடாக்குகிறது, சூடான நீர் மூலக்கூறுகள் 22.235 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பெருக்கி அனுப்புகின்றன. வட்டை விளிம்புப் பக்கமாகப் பார்ப்பதால் அந்த அலை நம்மை நோக்கி நீண்ட தூரம் வாயுவுக்குள்ளேயே வந்து, வரும் வழியெல்லாம் வலுப்பெறுகிறது. வட்டு மல்லாந்து கிடந்திருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

முதல் வேலை, நிறமாலையைப் பார்ப்பது. மூன்று கூட்டங்களாகக் கோடுகள் தெரியும். நடுக்கூட்டம் கேலக்ஸியின் சொந்த வேகமான வினாடிக்குச் சுமார் 472 கி.மீ.யை ஒட்டி இருக்கும். மற்ற இரண்டும் அதற்கு இருபுறமும் வினாடிக்கு ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளி நிற்கும். ஒரு பக்கம் சிவப்புப் பெயர்ச்சி (விலகிப் போகும் வாயு, அலை நீள்கிறது), மறுபக்கம் நீலப் பெயர்ச்சி (நெருங்கி வரும் வாயு, அலை சுருங்குகிறது). நீலக் கூட்டம் மிகவும் மங்கல், முதல் பார்வையில் இரைச்சல் என்று விட்டுவிடுவீர்கள், விடாதீர்கள். கேலக்ஸியே நம்மைவிட்டு விலகிப் போகும்போது இந்த வாயு மட்டும் நம்மை நோக்கி வருகிறது என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், எவ்வளவு வேகமாகச் சுற்றினால் அது நடக்கும்!

1984-இலேயே இந்தக் கேலக்ஸியில் நடுக்கூட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓரக் கூட்டங்களை நகாய், இனோவே, மியோஷி மூவரும் ஜப்பானின் நொபேயாமா 45 மீட்டர் தொலைநோக்கியில் கண்டு 1993-இல்தான் வெளியிட்டார்கள். இந்த அலைவரிசையில் வினாடிக்கு 1,000 கி.மீ. என்பது 74 மெகாஹெர்ட்ஸ் நகர்வு. நடுக்கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் அலைவரிசையை மட்டும் பதிவு செய்தால் மற்ற இரண்டும் பதிவுக்கு வெளியே போய்விடும். வேறு எந்த கேலக்ஸியின் தரவை எடுத்தாலும் அது எவ்வளவு அகலத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கோடு இல்லை என்று சொல்வதற்கு முன்னால் அங்கே யாராவது தேடினார்களா என்று பார்க்க வேண்டும், இல்லையா.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை, சின்னதுதான் ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். ரேடியோ ஆட்கள் அலைவெண்ணை வைத்து வேகத்தை வரையறுப்பார்கள், ஒளியியல் ஆட்கள் அலைநீளத்தை வைத்து. 1,500 கி.மீ. வேகத்தில் இரண்டுக்கும் 7 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரும். சூரியனை நிலையாக வைத்த வேகமா, அக்கம்பக்க விண்மீன்களின் சராசரியை வைத்த வேகமா என்பது இன்னொரு குழப்பம். அட்டவணையின் தலைப்பில் இருக்கும் அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் எண்களை நகலெடுக்க வேண்டாம்.

இனி இடம். எந்த வேகத்தில் ஓடும் வாயு எங்கே இருக்கிறது? இதற்கு ஹவாயிலிருந்து கரீபியனின் செயின்ட் குரோய் தீவு வரை பரவிக் கிடக்கும் பத்து 25 மீட்டர் டிஷ்கள் கொண்ட வி.எல்.பி.ஏ. தேவைப்பட்டது. அதிலுள்ள மிக நீண்ட இடைவெளி 8,600 கி.மீ. 1.35 செ.மீ. அலைக்கு அது ஒரு மில்லி ஆர்க்செகண்டில் (ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு, மில்லி என்றால் அதிலும் ஆயிரத்தில் ஒன்று) மூன்றில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 1995-இல் மியோஷி குழு அதை வைத்துத்தான் இந்த வட்டின் வரைபடத்தைப் போட்டது. பிறகு ஆர்கன் குழு 18 தடவை எடுத்த கவனிப்புகளை 2007-இல் வெளியிட்டது, கட்டுரையை ஆர்க்கைவ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

அந்தக் கட்டுரையின் தரவிலுள்ள ஒவ்வொரு மேசர் புள்ளிக்கும் வேகத்தை ஒரு நெடுவரிசையிலும் நடுவிலிருந்து உள்ள கோணத் தூரத்தை இன்னொன்றிலும் போடுங்கள். வட்டு கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் தொடக்கத்துக்குக் கிழக்கு மேற்கு நெடுவரிசை மட்டும் போதும். வரைபடம் போட்டதும் இரண்டு வடிவங்கள் தெரியும். ஓரக் கூட்டங்கள் வெளியே போகப் போக வளைந்து தாழும். நடுக்கூட்டம் சாய்ந்த நேர்கோடாக நிற்கும். இந்த நேர்கோட்டைப் பார்த்து, நடுவில் வாயு கெட்டியான தட்டு போலச் சுற்றுகிறது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அந்தப் புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆரத்தில், கருந்துளைக்கு முன்னால், நம் பக்கம் இருப்பவை. ஒரே வேகத்தில் ஓடினாலும் பக்கவாட்டில் விலக விலக அதில் நம் பார்வைத் திசைக்கு வரும் பங்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

வளையும் கோடுகள்தான் நமக்கு வேண்டியவை. உள் விளிம்பருகே, சுமார் 0.15 பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு), சுற்றும் வேகம் வினாடிக்குச் சுமார் 1,080 கி.மீ. வெளி விளிம்பருகே, 0.29 பார்செக்கில், சுமார் 770. வேகத்தை வர்க்கப்படுத்தி ஆரத்தால் பெருக்கி ஈர்ப்பு மாறிலியால் வகுங்கள். பார்செக், வினாடிக்குக் கி.மீ., சூரிய நிறை என்ற அலகுகளில் அந்த மாறிலி 0.0043, இதை எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க உதவும். உள்ளே 1,080 இன் வர்க்கம் 11,66,400, அதை 0.15-ஆல் பெருக்கினால் 1,74,960, 0.0043-ஆல் வகுத்தால் சுமார் 4.07 கோடி. வெளியே 5,92,900-ஐ 0.29-ஆல் பெருக்கி வகுத்தால் சுமார் 4 கோடி. ஆரம் ஏறக்குறைய இரட்டிப்பாகியும் விடை மாறவில்லை, அதாவது இந்த இரண்டு ஆரங்களுக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி நிறை எதுவும் இல்லை, 4 கோடி சூரிய நிறையும் 0.15 பார்செக்குக்கு உள்ளேயே அடைந்து கிடக்கிறது. நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனே 1.3 பார்செக் தள்ளி இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அணைந்துபோன விண்மீன்களின் கூட்டமாக இருக்கலாமே என்று கேட்டால், இவ்வளவு நெருக்கமாக அடைத்த கூட்டம் நீண்ட காலம் நிலைக்காது, சிதறிவிடும் அல்லது ஒன்றாகச் சரிந்துவிடும். நிறையை விட, இரண்டு விடைகளும் ஒன்றாக வருகின்றன என்பதுதான் இந்தக் கணக்கில் முக்கியம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஆரத்திலும் போட்டுப் பார்க்காமல் எந்த வட்டின் நிறையையும் நம்பாதீர்கள்.

இதோடு நிறுத்தாமல் தூரத்தையும் கணக்கிடுங்கள், எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். வருடக்கணக்கில் நிறமாலைகளை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால், நடுக்கூட்டத்துக் கோடுகள் ஒவ்வொரு வருடமும் வினாடிக்குச் சுமார் 9 கி.மீ. வீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஓரக் கோடுகள் அநேகமாக அசையாது. ஏன்? திருவிழாவில் குடை ராட்டினத்தைத் தள்ளி நின்று பாருங்கள். நமக்கு நேர் எதிரே கடக்கும் குதிரையை ராட்டினத்தின் அச்சு நம்மிடமிருந்து அப்பால் இழுக்கிறது, அதனால் நம் பார்வைத் திசையில் அதன் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் குதிரைக்கு இழுவை பக்கவாட்டில், அந்தக் கணத்தில் நம்மை நோக்கிய வேகம் மாறுவதில்லை. வட்டிலும் அதே கதைதான். முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தது, எனவே 1,100-இன் வர்க்கத்தை 9-ஆல் வகுத்து அலகை மாற்றினால் (வினாடிக்கு ஒரு கி.மீ. வேகத்தில் ஒரு வருடம் போனால் கிட்டத்தட்டப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பார்செக்) ஆரம் சுமார் 0.14 பார்செக். வானத்தில் அதே ஆரம் சுமார் 4 மில்லி ஆர்க்செகண்டாகத் தெரிகிறது. நீளத்தைக் கோணத்தால் வகுத்தால் தூரம், 70 லட்சம் பார்செக் சுமாருக்கு வரும். நாம் போட்டவை உருட்டிய எண்கள். வட்டின் நெளிவு, சாய்வு எல்லாவற்றையும் சேர்த்து 2019-இல் ரீட் குழு வெளியிட்ட விடை 75.8 லட்சம் பார்செக், பிழை சுமார் ஒன்றரை சதவீதம். எந்த விண்மீனின் ஒளிர்வையும் நம்பாமல், வெறும் வடிவியலில் வந்த தூரம் இது. நாம் முதலில் நிறைக்குப் பயன்படுத்திய பார்செக் ஆரங்களும் இந்தத் தூரத்திலிருந்து வந்தவைதான் என்பதைக் கவனியுங்கள், தூரம் பத்து சதவீதம் கூடினால் நிறையும் பத்து சதவீதம் கூடும்.

சரி, இப்போது எம்87. 1994-இல் ஹப்பிளை வைத்து ஃபோர்டும் ஹார்ம்ஸும் அதன் நடுவிலுள்ள வாயு வட்டின் இரு பக்க வேகங்களை அளந்து 240 கோடி சூரிய நிறை என்றார்கள். 2011-இல் விண்மீன்களின் ஓட்டத்தை வைத்து 660 கோடி என்று வந்தது. 2013-இல் மறுபடி வாயுவை அளந்தால் 350 கோடி. 2019-இல் அந்தப் பிரபல வளையப் படம் 650 கோடி என்று விண்மீன்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. வாயு பொய் சொல்லவில்லை, வாயு அழகாக வட்டப் பாதையில் மட்டும்தான் ஓடுகிறது என்று நாம் வைத்துக்கொண்டதில்தான் சிக்கல். வட்டு எவ்வளவு சாய்ந்திருக்கிறது (90 டிகிரி என்றால் விளிம்பு மட்டும் தெரியும்) என்பதும் சேர்ந்துகொள்கிறது: நாம் அளப்பது சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கிய வேகம், நிறைக்கு வருவது அதன் வர்க்கம். சாய்வு 42 டிகிரி என்று நினைத்த இடத்தில் உண்மையில் 30 என்றால் நிறை 1.8 மடங்கு ஏறிவிடும். என்ஜிசி 4258-இல் வட்டு 80 டிகிரிக்கு மேல் சாய்ந்திருப்பதால் சைன் ஏறக்குறைய ஒன்று, இந்தத் தலைவலி இல்லை.

என்ஜிசி 1068 இன்னொரு வகைத் தொல்லை. அங்கேயும் நீர் மேசர் வட்டு உண்டு, ஆனால் வேகம் ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி தாழாமல் அதைவிட மெதுவாகத் தாழ்கிறது. வட்டுக்கே கணிசமான நிறை இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னும் வெளியே சிலியிலுள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி பார்த்த வாயு உள்வட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது! இதில் போய் ஒற்றைச் சூத்திரத்தைப் போட்டால் என்ன விடை வரும் என்று நீங்களே பாருங்கள்.

ஆல்மா தரவை நீங்களே கையாள ஆசையா? எடுத்தவர்களின் உரிமைக் காலம் வழக்கமாக ஒரு வருடம், அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் காப்பகத்திலிருந்து இறக்கலாம். கச்சாத் தரவை இறக்காதீர்கள், லேப்டாப் திணறும். ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் கனசதுரக் கோப்பை மட்டும் எடுத்து கார்ட்டா என்ற இலவச மென்பொருளில் திறங்கள். இரண்டு அச்சு வானத்து இடம், மூன்றாவது வேகம். வட்டின் நீண்ட அச்சு வழியாக ஒரு வெட்டு வெட்டி, இடத்துக்கு எதிராக வேகத்தைப் பாருங்கள். நடுவை நெருங்கும்போது வேகம் இருபுறமும் செங்குத்தாக ஏறினால் நல்ல சகுனம். ஏறாமல் வழவழவென்று நடுவைக் கடந்தால், கருந்துளையின் ஆதிக்கம் உள்ள பகுதியை அந்தத் தரவு பிரித்துப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் அளவைக் கோப்பை இறக்கும் முன்பே மதிப்பிடலாம்: 0.0043-ஐக் கருந்துளையின் உத்தேச நிறையால் பெருக்கி, சுற்றியுள்ள விண்மீன்களின் வேகச் சிதறலின் (வேகங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன்) வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 10 கோடி சூரிய நிறை, சிதறல் 200 கி.மீ. என்றால் சுமார் 11 பார்செக், 2 கோடி பார்செக் தூரத்தில் அது 0.11 ஆர்க்செகண்ட். உங்கள் கோப்பின் பிரிதிறன் அதைவிட மோசமென்றால் வேறு கேலக்ஸியைப் பாருங்கள், மென்பொருளை மாற்றிப் பயனில்லை.

இதற்கும் உள்ளே, கருந்துளைக்கு மிக அருகில் வேகமாக ஓடி நிறமாலையில் அகலக் கோடுகளை உண்டாக்கும் வாயுவைப் பெரும்பாலும் பிரித்துப் பார்க்க முடியாது, 3சி 273 என்ற குவாசாரில் அதை 2018-இல் கிராவிட்டி கருவி பிரித்தது ஒரு சாதனை. மற்றவற்றில் நடு ஒளி கூடிக் குறைந்தால் எத்தனை நாள் கழித்து வாயுவின் கோடு கூடிக் குறைகிறது என்று பார்த்து ஆரத்தைப் பிடிப்பார்கள். அது தனிக் கலை, மாதக்கணக்கில் இரவு தவறாமல் அளக்க வேண்டும்.

என்ஜிசி 4258 கைவந்த பிறகு யுஜிசி 3789-ஐ எடுங்கள். மெகாமேசர் அண்டவியல் திட்டத்தார் கிரீன் பேங்க் தொலைநோக்கியில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்த கேலக்ஸி இது, ஏழு மடங்கு தூரம். ஆறு மேசர் வட்டுகளைச் சேர்த்து அவர்கள் 2020-இல் தந்த ஹப்பிள் மாறிலி (பிரபஞ்சம் விரியும் வீதம்) பத்து லட்சம் பார்செக்குக்கு வினாடிக்கு 73.9 கி.மீ., பிழை 3. கோடுகள் இங்கே நெருக்கியடித்து நிற்பதால் எது எங்கே நகர்ந்தது என்று பிரிப்பதே பாதி வேலை. நகர்வை அளக்கும் முன் ஓரக் கூட்டங்களை வைத்து நிறையை மட்டும் போட்டு, இரண்டு ஆரத்திலும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள்.