மலையை வலம் வரும் ஒரு சைக்கிள் சுற்று: சூயாக், ஷாமரெல், கிராண்ட் பஸ்ஸான்

மொரீஷியஸின் தென்மேற்கு மூலையை ஒரே நாளில் சைக்கிளில் சுற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "காத்து எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?" என்றுதான். தூரம், ஏற்றம், சாப்பாடு எல்லாம் அதற்கு அப்புறம். கோவில்பட்டியிலிருந்து இங்கே ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு மெக்கானிக்காக வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் சைக்கிள் எடுக்கிறவன் நான். இந்தச் சுற்றை எத்தனை முறை போனேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் முதல் முறை போனதை மறக்க முடியாது, ஏனென்றால் திசையைத் தப்பாகப் பிடித்துவிட்டேன்.

அன்று மலையை முதலில் முடித்துவிடலாம் என்று நினைத்து, தென்கரை ஊரான சூயாக்கிலிருந்து தேயிலைத் தோட்டம் வழியாக மேலேறி, ஷாமரெல் என்ற மலையூரின் இறக்கத்தில் கடற்கரைக்கு வந்தேன். பாதி இறக்கத்திலேயே பிரேக்கிலிருந்து இரும்பு உரசும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் கட்டையில் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கும் தகடு ரிம்மில் படுகிறது. மெல்ல உருட்டிக்கொண்டு கீழே வந்தால், தீவின் தென்மேற்கு முனையான லெ மோர்னைத் தாண்டியதும் தென்கிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. வீடு வரை அதே காற்று. ஜூலை மாதம் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். விளக்கு இல்லாமல், கரும்புக்காட்டு நடுவே, சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அதனால் சொல்கிறேன், வலமாகப் போங்கள். கிரிவலம் போவது போல மலை எப்போதும் வலது கையில் இருக்க வேண்டும். வருடத்தின் பெரும்பகுதி இந்தத் தீவில் வீசுவது தென்கிழக்குக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை அது இன்னும் பலமாக இருக்கும். சூயாக்கிலிருந்து மேற்கே போனால் அந்தக் காற்று முதுகைத் தள்ளும். லெ மோர்னில் வடக்கே திரும்பியதும் மலை காற்றை மறைத்துவிடும். மேலே கிழக்கு நோக்கி வரும்போது எதிர்க்காற்றுதான், ஆனால் சாலையின் இரு பக்கமும் காடு இருப்பதால் அது அவ்வளவாகத் தெரியாது. இன்னொரு லாபமும் உண்டு. இங்கே நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம். வலமாகப் போனால் கரையோரம் முழுக்கக் கடல் உங்கள் பக்கத்திலேயே வரும், குறுக்கே வண்டி எதுவும் மறைக்காது.

மொத்தம் 80 முதல் 90 கிலோமீட்டர். நின்று நின்று போனாலும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மாலை நான்குக்குள் திரும்பிவிடலாம். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ஆறே முக்காலுக்குத்தான் விடியும், அதற்கு முன் கிளம்பிப் பயனில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், வெயிலும் கொளுத்தும். மகா சிவராத்திரி வாரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். தீவின் எல்லா மூலையிலிருந்தும் பக்தர்கள் காவடி சுமந்து, மலைமேல் உள்ள புனிதக் குளமான கிராண்ட் பஸ்ஸானுக்கு நடந்து வருவார்கள். அந்தச் சாலை அன்று அவர்களுடையது.

கிளம்பும் முன் சூயாக் பக்கத்தில் கிரி கிரி முனைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். தீவைச் சுற்றியுள்ள பவளத் திட்டு அங்கே விட்டுப்போயிருப்பதால் அலை நேராகப் பாறையில் மோதும். அதைப் பார்த்துவிட்டு ரியாம்பெல் தாண்டினால் கடல் அப்படியே அடங்கி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் குளம் போல் கிடக்கும். பெல் ஓம்ப்ர் வரை சமதளம், வேகமாகப் போகலாம். பே து காப்பில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வரைபடம் போட்ட மத்தேயு ஃப்ளிண்டர்ஸ், கப்பல் ஒழுகியதால் 1803இல் இங்கே ஒதுங்கினார். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் போர் நடந்த நேரம். பிரெஞ்சு ஆளுநர் அவரை 1810 வரை தீவிலேயே பிடித்து வைத்துவிட்டார்.

அதை அடுத்து மக்கொந்தே. பாறை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், சாலை அதன் இடுப்பைச் சுற்றி வளையும். எதிரே வரும் பேருந்து தெரியாத வளைவு இது. அலை பெரிதாக இருக்கும் நாளில் உப்புத் தண்ணீர் சாலையில் தெறிக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தைப் பிடியுங்கள். தாண்டிய பிறகு ஓரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டுப் படியேறிப் பாருங்கள், வந்த கரை முழுதும் தெரியும்.

லெ மோர்ன் மலை 556 மீட்டர் உயரம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினார்கள். அதன் அடிவாரம் வரும்போது நான் எப்போதும் சற்று மெதுவாகவே மிதிப்பேன். கரும்புத் தோட்ட வேலைக்குத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கிய தீவில், நமக்கு முன்னால் இங்கே அழுதவர்களின் இடம் இது.

லா கோலெத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள், சாப்பிடுங்கள். ஷாமரெல் தாண்டினால் கிராண்ட் பஸ்ஸான் வரை கடையை நம்பிப் போகக் கூடாது. தால் பூரி ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். கூடவே கத்தோ பிமான், நம் பருப்பு வடைக்குத் தம்பி முறை. போன வருடம் ஊரிலிருந்து வந்த அண்ணன் மகனைக் கூட்டிப் போயிருந்தேன். காசு கொடுக்க நோட்டை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். "சித்தப்பா, இதுல தமிழ் எழுதியிருக்கு!" கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு காத்திருக்க, அவன் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டுத்தான் நோட்டைக் கொடுத்தான்.

காஸ் நொயாலில் வலது பக்கம் திரும்பியதும் ஏற்றம் ஆரம்பம். சுமார் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் கொண்டை ஊசி வளைவுகளின் உட்பக்கம் மிகச் செங்குத்து. அங்கே உள்ளோரத்தை விட்டுச் சற்று வெளியே தள்ளி ஏறுங்கள். பின்னால் பார்த்துவிட்டு. பின்சக்கரக் கேசட்டில், அதாவது பல்சக்கர அடுக்கில், 32 பல் உள்ள பெரிய பல்சக்கரமாவது வேண்டும். பந்தயச் சைக்கிளின் 25 பல்லோடு வந்த ஒரு நண்பர் கடைசி இரண்டு கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே ஏறினார். பாதியில் திரும்பிப் பார்த்தால் கீழே நீலமும் பச்சையுமாகக் கடல், நடுவில் பெனித்தியே தீவு. மூச்சு வாங்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

ஷாமரெலில் ஏழு வண்ண மண் பார்க்க வேண்டுமென்றால் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இங்கேயே கால் சோர்ந்துவிட்டால் வெட்கப்படாமல் பே து காப்புக்கு நேரே இறங்கும் சாலையைப் பிடித்துவிடுங்கள். மீதி மலை ஏற்றம் மிச்சம்.

தொடர்ந்தால் பிளேன் ஷாம்பாஞ் வரை காட்டுக்குள் ஏற்றம், 700 மீட்டருக்கு மேல் போவோம். மேலே கரையைவிட ஐந்தாறு டிகிரி குளிர் அதிகம், சொல்லாமல் மழை வரும். மடித்துப் பையில் வைக்கக்கூடிய ஒரு மழைச்சட்டை போதும், ஆனால் அது இல்லாமல் வராதீர்கள். மே, ஜூனில் சாலையோரம் சிவப்புச் சீனக் கொய்யா பழுத்துக் கிடக்கும். குடும்பம் குடும்பமாகப் பறித்துக்கொண்டிருப்பார்கள், கார் கதவு திடீரென்று திறக்கும், கவனம்.

அப்புறம் பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு. காட்சி மேடைக்குப் போய் நின்றால் காலுக்குக் கீழே காடு பிளந்து இறங்குகிறது, எதிர்ச் சுவரில் அருவி வெள்ளை நூலாகத் தொங்குகிறது, நடுவெளியில் நீள வால் கொண்ட வெள்ளைப் பறவை சத்தமில்லாமல் வட்டமிடுகிறது. மேடைக்கு வரும் குரங்குகள் சைக்கிள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாட்டைச் சட்டைப் பையில் வையுங்கள்.

அலெக்சாந்திரா அருவிக்கு அருகில் பஸ்ஸான் பிளான் ஏரி வழியாக இறங்கும் குறுக்கு வழி உண்டு. மிகச் செங்குத்து, மர நிழலில் பாசி. மழை பெய்த நாளில் நான் அதில் இறங்குவதில்லை. லெ பெத்ரின் வழியாகக் கிராண்ட் பஸ்ஸான் போய், 33 மீட்டர் சிவன் சிலையைக் கும்பிட்டு, குளக்கரையில் உட்கார்ந்து மீதிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, புவா ஷெரி தேயிலைத் தோட்டம், கிரான் புவா என்று இறங்கினால் சூயாக். கரும்பு வெட்டுக் காலத்தில் லாரியிலிருந்து விழுந்த கரும்புத் துண்டு சாலையில் கிடக்கும், ஓரத்தில் மூடியில்லாத ஆழக் கால்வாய் வரும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். முதல் நாள் இரவே பிரேக் கட்டையில் உள்ள பள்ளக் கோட்டைப் பாருங்கள். கோடு மறைந்திருந்தால் புதுசு மாட்டிவிட்டு வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு அசதியாக இருந்தாலும், நல்ல தண்ணீரில் சைக்கிளைக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். மக்கொந்தேயில் பட்ட உப்பு காலைக்குள் துருவாகிவிடும்.