மருந்து போட்ட பாசியை மக்க வைக்கலாமா, மூடாக்காகப் போடலாமா?

புல்தரையில் புல்லுக்கிடையே மெத்தை மாதிரி படரும் பாசிக்கு (moss) மருந்து போட்டாயிற்று, பாசியும் கருத்துவிட்டது, வாரினால் சாக்கு சாக்காகக் குவிகிறது. இதைத் தூக்கிப் போடுவதா, உரமாக்குவதா, மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் அடுக்காகச் செடியடியில் பரப்புவதா என்று முடிவு செய்ய, பாசியைப் புரட்டிப் பார்த்துப் பயனில்லை. மருந்துப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

அதில் பெர்ரஸ் சல்பேட், அதாவது அன்னபேதி உப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் கவலை குறைவு. அது இரும்பு உப்பு. காற்றும் ஈரமும் பட்டதும் துரு மாதிரி மாறி, பெரும்பாலான மண்ணில் அவ்வளவாகக் கரையாமல் தங்கிவிடும். தொல்லை எல்லாம் உரம், களைக்கொல்லி, பாசிக்கொல்லி மூன்றையும் கலந்து விற்கும் பாக்கெட்டுகளில்தான். 2,4-டி, டைகாம்பா, மெக்கோப்ராப் மாதிரி களைக்கொல்லிப் பெயர்கள் தென்பட்டால், மருந்து போட்டபின் முதலில் வெட்டும் புல்லை உரக்குழியில் போடாதீர்கள் என்று பாக்கெட்டிலேயே இருக்கும். சிலவற்றில் முதல் மூன்று நான்கு வெட்டுக்கும் இந்தத் தடை உண்டு, அதற்குப் பிறகு வெட்டியதையும் ஆறு மாதமாவது மக்கவிட்டுத்தான் மூடாக்காகப் போடச் சொல்வார்கள். அந்த நாட்களுக்குள் வாரிய பாசிக்கும் அதே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளோபிராலிட், அமினோபிராலிட் என்ற களைக்கொல்லிகளின் பெயர் இருந்தால் மக்க வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இவை மக்கிய உரத்திலும் மிஞ்சி நின்று தக்காளி, அவரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கெடுக்கும்.

சரி, இரும்பு மட்டும்தான் என்று உறுதியாகிவிட்டது. அவசரப்பட்டு வாராதீர்கள், இரண்டு வாரம் போகட்டும். ஒரு கொத்தைப் பிடுங்கி விரலால் பிரித்துப் பாருங்கள். மேலே கரி மாதிரி கருப்பாக இருந்தாலும் உள்ளே பச்சை இழை தெரிந்தால் அது இன்னும் சாகவில்லை, அந்தத் துணுக்கு விழுகிற இடத்தில் மறுபடி பிடித்து வளரும். இன்னொன்று, வாரிய ஈரப் பாசியைச் சிமெண்ட் தரையிலோ கல் பாதையிலோ கொட்டி வைக்காதீர்கள். துருக்கறை பிடித்தால் லேசில் போகாது. ஒரு தார்ப்பாய் போதும்.

மக்க வைப்பதில் பொறுமை வேண்டும். பாசியில் நைட்ரஜன் குறைவு, இயல்பாகவே மெதுவாகத்தான் மக்கும், அதோடு நனைந்தால் அடை மாதிரி ஒட்டிக்கொண்டு உள்ளே காற்றே போகாது. அதனால் கையால் உதிர்த்து, மருந்து படாத பச்சைப் புல், காய்கறிக் கழிவு, காய்ந்த இலை இவற்றோடு கலந்து போடுங்கள். மொத்தக் குவியலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாசி வேண்டாம் என்பது என் கணக்கு. அவ்வப்போது கிளறி விடுங்கள். பாசி ரொம்ப அதிகமா? ஓட்டை போட்ட பையில் தனியாக அடைத்து ஒரு மூலையில் வைத்துவிடுங்கள், ஒன்றிரண்டு வருஷம் ஆகும்.

மூடாக்காக நேரடியாகப் போடவும் செய்யலாம், ஆனால் பாசியை மட்டும் கனமாகப் பரப்பினால் காய்ந்ததும் கம்பளம் மாதிரி இறுகி, ஊற்றுகிற தண்ணீரை வேருக்குப் போகவிடாமல் வெளியே வழியவிட்டுவிடும். காய்ந்த இலையோடு கலந்து மெல்லிய அடுக்காக, தண்டை ஒட்டாமல் போடுங்கள். கமேலியா, அசேலியா மாதிரி அமில மண் கேட்கிற புதர்ச் செடிகளின் அடியில் பொருந்தும். விதைப் பாத்தியிலும் காய்கறிப் பாத்தியிலும் வேண்டாம். மக்கியதைத் திரும்பப் புல்தரையிலேயே தூவுவதும் வீண் வேலை, பாசி வித்துகள் அதில் பிழைத்திருக்கலாம்.

பாக்கெட் எப்போதோ போய்விட்டது, என்ன மருந்து என்றே நினைவில்லை என்பவர்கள் பாசியை நேரடி மூடாக்காகப் போட வேண்டாம். தனியாக மக்க வைத்து, பிறகு இரண்டு தொட்டியில் அவரை விதை போட்டுப் பாருங்கள். ஒன்றில் வெறும் மண், இன்னொன்றில் அதே மண்ணோடு பாதிக்குப் பாதி இந்த உரம். மூன்று நான்கு வாரத்தில் உரத் தொட்டியில் மட்டும் இலைகள் கிண்ணமாகக் குழிந்தோ தண்டு முறுக்கியோ வந்தால் களைக்கொல்லி மிச்சம் இருக்கிறது. அந்தக் குவியலைத் தனியாக மூடி வைத்து, சில மாதம் கழித்து மறுபடி விதை போட்டுப் பாருங்கள். அப்போதும் இலை சுருண்டால் பாத்திப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.