பிரெஞ்ச் பிரஸ் கோப்பி: தூளைக் கவனியுங்கோ

பிரெஞ்ச் பிரஸ்ஸில் (கம்பிவலைத் தட்டை மேலிருந்து அமுக்கி வடிக்கிற கோப்பிக் குடுவை) போட்ட கோப்பி கசக்கிறது, அடியில் வண்டல் நிற்கிறது என்றால் பிழை பெரும்பாலும் தூளில்தான். எங்கட பக்கத்தில் வழமையாகத் திரிக்கிற நைஸ் தூள் கம்பிவலைக்குள்ளால் நழுவிவிடும். மிச்சம் வலையை அடைத்துக்கொள்ளும். அப்போது பலமாக அமுக்கினால் சுடுதண்ணி கையில் தெறிக்கும், கவனம். மல்லி, சுக்கு சேர்த்த தூளும் இதற்குச் சரிவராது. அது வழமைபோல ஊற்றிக் குடிக்கத்தான் ருசி.

வறுத்த கொட்டையை ரவைப் பருமனில் திரித்துத் தரச் சொல்லுங்கோ. மிளகாய் அரைத்த கையோடு அதே மில்லில் போட விடாதேங்கோ!

300 மில்லிலீற்றர் தண்ணிக்கு 20 கிராம் தூள். கேத்தல் கொதித்து அரை நிமிடம் ஆறினபிறகு ஊற்றி, ஒருக்கால் கிளறி, 4 நிமிடம் மூடி வையுங்கோ. பிறகு மெதுவாக அமுக்கி, முழுவதையும் உடனே வார்த்துவிட வேண்டும். பிரஸ்ஸுக்குள்ளேயே விட்டால் தூள் ஊறிக்கொண்டே இருக்கும், கசப்பும் ஏறும்.

தண்ணியும் முக்கியம். சுண்ணக்கல் நிலம் என்பதால் யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணியில் கடினத்தன்மை கூட. கோப்பியின் மெல்லிய புளிப்பை அது அமத்திவிடும். வடிகட்டின குடிதண்ணி நல்லது. கொலஸ்ட்ரோல் உள்ளவர்கள் இந்தக் கோப்பியை அளவாகக் குடியுங்கோ: கடதாசி வடியில் தங்கிவிடுகிற கோப்பி எண்ணெய் கம்பிவலையில் தங்காது. சீனி போடாமல் பனங்கட்டி கடித்துக் குடித்தால்தான் எனக்குத் திருப்தி.