கெண்டைக்கால் காயம் ஆறியபின் மறுபடி ஓட்டப்பந்தயத்துக்கு

வலி போனதுமே ஓடக் கூடாது. முதலில் 30 நிமிடம் வேகமாக நடங்கள். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் பிடிப்பு இருக்கக் கூடாது. அடுத்து, பாசி இல்லாத படித்துறைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலை 25 முறை உயர்த்துங்கள். அடிபட்ட கால் 15-லேயே தளர்ந்தால் ஓட்டம் இன்னும் வேண்டாம்.

தேறினால், ஒருநாள் விட்டு ஒருநாள்: 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, 8 தடவை. விடாமல் 30 நிமிடம் ஓட வரும்வரை வேகத்தைத் தொடாதீர்கள். பலர் இங்கேதான் அவசரப்பட்டுச் சதையை மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். கொள்ளிடத்து மணல் மெத்தென்று இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். குதிகால் புதையப் புதையக் கெண்டைச்சதை கூடுதலாக இழுபடும். வாய்க்கால் கரையில் சரிவில்லாத நடுப்பகுதியே நல்லது. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி பதித்த ஓட்டக் காலணி) கடைசியில்தான், அதைப் போடும் முதல் நாள் 100 மீட்டர், 4 தடவை, முக்கால் வேகம்.