‘ஏழை நாடுகள்’ என்று எழுதும் முன்: நாடுகளைக் குழு பிரிப்பதில் வரும் தவறுகள்

கிண்டியில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பையன் போன வாரம் ஏழை நாடுகளின் வளர்ச்சியைக் காட்டும் ஒரு வரைபடம் காட்டினான். பத்து வருஷத்துக்கு முன் நான் போட்ட அதே படம், அதே தவறோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாட்டுப் பெயரைத் தப்பாக அடிப்பது போன்றவை உங்கள் கண்ணிலேயே பட்டுவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெற்காசியா ஒன்றுதான் என்று நம்புவது

நாடுகளை வட்டாரங்களாகப் பிரிக்கும் ஐ.நா. புள்ளியியல் பிரிவின் ‘எம்49’ பட்டியலில் ஈரானும் தெற்காசியா. உலக வங்கியின் தெற்காசியாவில் ஈரான் இருந்ததில்லை. 2025 ஜூலையிலிருந்து பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்கூட இல்லை, இரண்டையும் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவோடு சேர்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்கோ நாமும் இலங்கையும் தென்கிழக்கு ஆசியா, கூடவே வட கொரியா. நோயாளிகள் எண்ணிக்கையை ஓர் இடத்திலும் மக்கள்தொகையை இன்னோர் இடத்திலும் எடுத்து வகுத்தால் வரும் விகிதம் எந்த ஊருக்கும் பொருந்தாது.

இன்றைய பட்டியலைப் பழைய வருஷங்களுக்கு மாட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ‘1990-லிருந்து ஏழை நாடுகள் எவ்வளவு வளர்ந்தன?’ என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். நான் படம் போட்ட வருஷத்தில் உலக வங்கி வைத்திருந்த குறைந்த வருமான நாடுகள் பட்டியலை எடுத்தேன், அந்த நாடுகளின் தனிநபர் வருமானத்தை 1990 வரை பின்னோக்கி இழுத்தேன். கோடு கூவம் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. ‘ஏழையாகத் தொடங்கும் நாடு ஏழையாகவே நிற்கிறது’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரியும் போட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

வெளியீட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, 1990-ல இந்தியா எந்தக் குழுவுல இருந்துச்சு?”

குறைந்த வருமானம்தான். 2007-ம் ஆண்டு வருமானத்தை வைத்துத்தான் அடுத்த படியான கீழ் நடுத்தர வருமானக் குழுவுக்கு ஏறினோம். “சரி, சீனா?” அதுவும் 1990-ல் அங்கேதான், மேலே போனது 90-களின் கடைசியில். வியட்நாம், வங்கதேசம், கென்யா எல்லாம் அப்போது அதே வரிசை. வளர்ந்தவை ஒவ்வொன்றாகக் குழுவை விட்டுப் போய்விட்டன, வளராதவை மட்டும் நான் எடுத்த பட்டியலில் மிஞ்சியிருந்தன. தேறிய பிள்ளைகளை எல்லாம் அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களின் மதிப்பெண்ணைக் காட்டி ‘இந்த டியூஷனில் யாருமே தேறுவதில்லை’ என்று சொன்ன கதை. அச்சடித்த பிரதிகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மறுஅச்சுச் செலவு எங்கள் தலையில்.

அப்புறம் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்: ஒவ்வொரு வருஷத்துக்கும் அந்தந்த வருஷத்துப் பட்டியல். அதிலும் குழிதான். இந்தியா வெளியேறும் இடத்தில் குறைந்த வருமான நாடுகளின் மக்கள்தொகை ஒரே தாவலில் நூறு கோடிக்கு மேல் சரியும். வறுமை ஒழிந்துவிட்டது என்று தலைப்பு வைக்கக் கை பரபரக்கும். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனபோது அம்பத்தூரும் ஆலந்தூரும் உள்ளே வந்தன. அங்கே யாரும் வீடு மாறவில்லை. எல்லை மாறியதை மக்கள் மாறியதாகப் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் இப்போது செய்வது: ஒப்பீடு தொடங்கும் வருஷத்தில் எந்த நாடு எந்தக் குழுவோ, அதைக் கடைசிவரை மாற்றாமல் வைப்பது. 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் எந்த நாடு எங்கே இருந்தது என்று உலக வங்கியே ஒரு எக்செல் கோப்பு தருகிறது. பத்து நிமிஷ வேலை. உலக வங்கி தரும் குழுக் கூட்டுத்தொகைகள் இன்றைய பட்டியலைப் பழைய ஆண்டுகளுக்கும் பொருத்திக் கணக்கிட்டவை. எனவே ரெடிமேடாக எடுத்தாலும் இதே வலையில்தான் விழுவீர்கள்.

‘வளரும் நாடுகள்’

யாருடைய பட்டியல்? ‘எம்49’ 2021 டிசம்பரிலேயே ‘வளர்ந்த’, ‘வளரும்’ என்ற இந்தப் பிரிவை எடுத்துவிட்டது.

குறைந்த வருமானமும் மிகக் குறைந்த வளர்ச்சியும் ஒன்றென நினைப்பது

முதலாவது உலக வங்கியின் பட்டியல்; தனிநபர் வருமானம் மட்டுமே அளவுகோல். இரண்டாவது, ‘மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகள்’ பட்டியல், 1971-ல் ஐ.நா. தொடங்கியது, வருமானத்தோடு கல்வி, உடல்நலம், பொருளாதாரம் அடிவாங்கும் அபாயம் எல்லாவற்றையும் பார்க்கும். வங்கதேசம் 2015-ல் உலக வங்கிக் கணக்கில் கீழ் நடுத்தரம் ஆன பிறகும் ஐ.நா. பட்டியலில் நீடித்தது. துவாலு இன்னும் வேடிக்கை: மேல் நடுத்தர வருமானம் வந்தும் ஐ.நா. பட்டியலை விட்டு வெளியேறவில்லை. கடலில் மூழ்கும் அபாயத்தில் இருக்கும் தீவை வருமானம் மட்டும் காப்பாற்றிவிடுமா என்ன.

மொத்த வரிசைகளைக் கூட்டுவது

‘உலகம்’, ‘அரபு உலகம்’ போன்ற கூட்டு வரிசைகள் எல்லாம் தரவுக் கோப்பில் நாடுகளோடு நாடாக உட்கார்ந்திருக்கும். சேர்த்துக் கூட்டினால் ஒரே ஆட்களை இரண்டு தடவை எண்ணுவீர்கள். நீக்குங்கள்.

வெறும் சராசரி

மாலத்தீவில் சுமார் ஐந்து லட்சம் பேர், இங்கே 140 கோடிக்கு மேல். வெறும் சராசரியில் இரண்டுக்கும் ஒரே எடை, மக்கள்தொகையைக் கணக்கில் எடுங்கள்.

தேதி போடாமல் விடுவது

உலக வங்கியின் வருமானப் பட்டியல் ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் மாறும். இலங்கை 2019-ல் மேல் நடுத்தரத்துக்கு ஏறியது, அடுத்த ஜூலையிலேயே இறங்கியது. படத்தின் அடியில் ‘குழு: எந்த ஆண்டு நிலவரப்படி’ என்று ஒரு வரி வேண்டும். நம் பையன் நேற்று திருத்திய படத்தை அனுப்பினான். அந்த வரி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.